பந்தல் நிறைய இலை, ஒரு குலைகூட இல்லை: யோவான் 15 பாடத்துக்குக் கவாத்து செய்து காட்டலாமா?

வாலிபர்பாடம்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஆலய வளாகத்தில் ஒரு பன்னீர் திராட்சைக் கொடி, நட்டு மூன்று வருடம். பந்தலை மூடிவிட்டது, ஆனால் காய்ப்பே இல்லை. ஜனவரி இரண்டாம் வாரம் வாலிபர் கூட்டத்தில் யோவான் 15 எடுக்கிறோம், இயேசு தம்மைத் திராட்சச்செடியாகவும் சீஷர்களைக் கொடிகளாகவும் சொல்கிற அதிகாரம். அந்தக் கொடியிலேயே கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டிவிட்டு, காட்டலாமா? எங்கே வெட்டுவது, எவ்வளவு விடுவது? இன்னொன்று, கனிகொடுக்கிற கொடியைப் பற்றி வரும் "அதைச் சுத்தம்பண்ணுகிறார்" என்பதை வாழ்க்கையில் வரும் பாடுகளுக்கெல்லாம் பொருத்திச் சொல்கிறோமே, அது சரியா?

பந்தல்காரர்:
தாராளமாகச் செய்யலாம் பிரதர், பருவமும் அதுதான். கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே ரகம். டிசம்பர், ஜனவரியில் கவாத்து செய்தால் ஏப்ரல், மே மாதங்களில் அறுவடை. மே, ஜூனில் செய்தால் ஆகஸ்ட், செப்டம்பரில். வெட்டியதிலிருந்து சுமார் 120 நாள்.

குளிர் நாடுகளில் திராட்சை இலையை உதிர்த்துத் தானாகவே ஓய்வெடுக்கும். நம் வெயிலில் அதற்கு ஓய்வே கிடையாது. நுனி ஓடிக்கொண்டே இருக்கும், சத்தெல்லாம் நுனிக்குப் போகும், கீழே உள்ள மொட்டுகள் தூங்கும். இங்கே குளிர்காலத்தின் வேலையைக் கத்தரிதான் செய்ய வேண்டும். உங்கள் கொடிக்கு நோய் எதுவும் இருக்காது. யாரும் வெட்டாமல் விட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

வெட்டும் முறை: பச்சையாக வளைகிற தண்டைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பட்டை பழுப்பாகி, பென்சில் தடிமனுக்கு முற்றிய கிளைதான் காய்க்கும். அடியிலிருந்து மொட்டுகளை எண்ணி நான்கை விட்டு, நான்காவதற்கு ஒன்றரை சென்டிமீட்டர் மேலே சாய்வாக வெட்டுங்கள். சரிவு மொட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும், நீர் மொட்டின்மேல் வடியக்கூடாது. மெலிந்த கிளையில் ஒன்றிரண்டு மொட்டு மட்டும் விட்டால் போதும். அது இந்த முறை காய்க்காது, அடுத்த முறைக்கான கிளையைத் தரும். பலவீனமான கிளையிடம் உடனே பழம் கேட்கக்கூடாது. புதிதாக ஞானஸ்நானம் பெற்றவரை மறுமாதமே வகுப்பு எடுக்கச் சொல்கிற சபைகள் இதைக் கவனிக்கட்டும்.

தடித்த வெட்டுகளில் பூஞ்சணம் தாக்காமல் போர்டோ பசை பூசுங்கள். 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை வேறு அரை லிட்டரிலும் பிளாஸ்டிக் பாத்திரத்தில் தனித்தனியே கரைத்துக் கலக்குங்கள். தீட்டிய கத்தியை அதில் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் வேறு. காய்க்கும் மொட்டா, வெறும் இலை மொட்டா என்பது கிளை வளரும்போதே முடிவாகிவிடுகிறது. அந்தச் சமயத்தில் கிளைமேல் வெயில் பட்டிருக்க வேண்டும். அடர்ந்த நிழலில் முற்றிய கிளையில் குலை வராது. இன்று தொங்கும் குலை போன பருவத்து வெளிச்சத்தின் பலன். ஜெபமும் வேத தியானமும் அன்றன்றைக்கே பலன் காட்டவில்லை என்று சோர்ந்துபோகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

வேதவகுப்பு:
இரண்டாவது கேள்விக்கு என் பதில்: எல்லாப் பாடுகளுக்கும் பொருத்தாதீர்கள். 2-ஆம் வசனத்தில் கனிகொடாத கொடியை அறுத்துப்போடுவதற்குக் கிரேக்கத்தில் 'ஐரெய்', கனிகொடுக்கிறதைச் சுத்தம்பண்ணுவதற்குக் 'கதைரெய்'. அடுத்த வசனத்திலேயே "நான் உங்களுக்குச் சொன்ன உபதேசத்தினாலே நீங்கள் இப்பொழுதே சுத்தமாயிருக்கிறீர்கள்" என்கிறார். அங்கே வரும் 'கதரோய்' அதே வேர்ச்சொல். ஆக, இந்த அதிகாரம் காட்டுகிற கத்தரி அவருடைய வார்த்தை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் "கர்த்தர் கவாத்து செய்கிறார்" என்று சொல்வதற்கு இந்த வசனத்தில் இடமே இல்லை. சொல்லவும் கூடாது.

"என் பிதா திராட்சத்தோட்டக்காரர்" என்று இருப்பதையும் கவனியுங்கள். கத்தரி ஒரு கொடியின் கையில் இல்லை. ஒரு விசுவாசி இன்னொரு விசுவாசியை வெட்டக் கிளம்புவது பல சபைகளில் நடக்கிறது.

வெட்டப்படுவது எல்லாம் கெட்டுப்போனதும் இல்லை, நல்ல பச்சைத் தளிரும் விழும். பாடல் குழு, ஊழியப் பயணம், மூன்று வாட்ஸ்அப் குழு என்று ஓடுகிற வாலிபரிடம் "எந்தப் பாவத்தை விட வேண்டும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எந்த நல்ல காரியத்தை விட வேண்டும்?" என்றும் கேளுங்கள்.

வாலிபர்பாடம்:
நன்றி ஐயா, நன்றி பிரதர். வெட்டிய இடத்தில் நீர் சொட்டுமாமே, "கொடி அழுகிறது" என்று சொல்லலாமா? ஒருவர் யூரியாவும் சாணமும் நிறையப் போடச் சொல்கிறார், போடலாமா?

எருக்குழி:
சொட்டுவது வேரின் அழுத்தத்தால் மேலேறும் நீர். சில நாளில் தானே நின்றுவிடும், கொடிக்குச் சேதமில்லை. அழுகை என்று சொல்ல வேண்டாம், வேர் உயிரோடு வேலை செய்கிறது என்று சொல்லுங்கள். பட்டுப்போன கிளையில் ஒரு சொட்டும் வராது.

யூரியா வேண்டாம். தழைச்சத்து கூடினால் இன்னும் இலைதான் வரும், உங்கள் பந்தலில் அது ஏற்கெனவே அளவுக்கு மேல். பச்சைச் சாணமும் வேண்டாம். மட்கும்போது சூடேறி வேரைக் கருக்கும், கரையானும் வரும். நன்கு மட்கிய தொழு உரம் போடுங்கள். லூக்கா 13-இல் காய்க்காத அத்திமரத்துக்குத் தோட்டக்காரன் சொல்வது "சுற்றிலுங் கொத்தி, எருப்போடுவேன்". கொத்துவது முதலில், எரு பிறகு. இறுகிய மண்ணில் எருவைக் கொட்டினால் மேலேயே காய்ந்து கிடக்கும். தண்டிலிருந்து இரண்டடி தள்ளி வட்டமாக நான்கைந்து அங்குலம் கொத்துங்கள், அதற்குமேல் போனால் மேல்வேர் அறும். கன்வென்ஷனுக்குமேல் கன்வென்ஷன் போய் மாற்றமில்லை என்கிறவர்களுக்கு எருவில் குறைவில்லை, மண்தான் கொத்தப்படவில்லை.

தளிர் வந்தபின் பற்றுக்கம்பிகளை (கொடி பற்றிக்கொள்ள விடுகிற சுருள் இழைகளை) கிள்ளிவிடுங்கள். 12 முதல் 15 கணு வந்ததும் நுனியையும் கிள்ளுங்கள். இந்த வேலையை வாலிபர்களிடமே கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வெளியே எறியுண்ட கொடி உலர்ந்துபோகும் என்கிற 6-ஆம் வசனத்துக்காக வெட்டிய கொடியை வகுப்பில் வைத்து உலரக் காட்டுவீர்கள். அதை மண்ணிலோ நீரிலோ வைத்துவிடாதீர்கள். நான்கு கணு உள்ள முற்றிய துண்டு வேர் பிடிக்கும், திராட்சை நாற்று உண்டாக்குவதே அப்படித்தான். கூர்மையான பையன் ஒருவன் இதைக் கேட்பான். மறைக்காமல் ஒத்துக்கொள்ளுங்கள்: அப்படிப் பிழைத்தால் அது வேறு செடி, அந்தச் செடியின் கொடி இல்லை.