தொழில் தொடங்கப் போய், ஒரு கேள்வியில் தடக்கி நின்ற ஆட்கள் இருக்கிறீர்களா? (திருகோணமலை)

உப்புவெளிப் பிள்ளை
மீனைத் துப்புரவாக்கி வீட்டுக்குக் கொடுக்கிற யோசனைதான். வட்ஸ்அப்பில் ஓடர் எடுத்து, கரையில் வாங்கி, வெட்டி, ஐஸ் போட்டு, கந்தோர் போகிறவர்களின் வாசலில் கொடுப்பது. தினமும் மீன் தரமுடியுமா என்று வள்ளமும் வலையும் வைத்திருக்கிற ஒரு சம்மாட்டியிடம் கேட்கப் போனேன். அவர் வலையில் சிக்கிய கீரி மீனை உதறிக்கொண்டே, நிமிராமல் கேட்டார்: "வாடை பிறந்தாப் பிறகு என்னத்தை விப்பாய் பிள்ளை?"

குளத்து மீன் எடுப்பேன் என்றேன். "அது மோட்டார் சைக்கிள்ல வாசலுக்கே வருதே, உன்னட்ட ஏன் வாங்கோணும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார். கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்றில் கடல் கொந்தளித்து நிற்கிற நிலை நம் எல்லாருக்கும் தெரியும். அந்த மாதங்களில் மீன் வெட்டுகிற அக்காவுக்கு நான் எதைக் கொண்டு சம்பளம் கொடுப்பேன்?

நிலாவெளித் தம்பி
அக்கா, வாடை வருவது முன்கூட்டியே தெரியும், அதற்குச் சேர்த்து வைக்கலாம். ஆளை விழுத்துவது கடன். விடுதிகளின் படுக்கை விரிப்பு, துவாய் எடுத்துத் தோய்த்துக் கொடுத்தேன். சித்திரையிலிருந்து புரட்டாதி வரை கை ஓயாத வேலை. ஒரு மனேஜர் என் பில்லை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, "சீசன் முடியட்டும் தம்பி" என்றார். அந்த மடிப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சோப் தருகிற கடைக்காரர் சீசன் முடியும்வரை நிற்பாரா? கையில் வேலை நிறைய இருந்தது, காசுதான் இல்லை.

கந்தளாய் தயிர்
என் கதை சின்னது. எருமைத் தயிரை இஞ்சி, தேன் சேர்த்துச் சின்னக் கப்பில் விற்கக் கடன் கேட்டுப் போனேன். அதிகாரி என் திட்டத்தை மூடி வைத்துவிட்டு, "உங்கட சொந்தக்காரர் இல்லாத ஒருத்தர் முழுக்காசு குடுத்து, இரண்டாந்தரமும் வாங்கினாரா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

உப்புவெளித் தங்கச்சி, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கம்பனி என்று ஓடாதீர்கள். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி ஒருவர் தனியாகவும் கம்பனி பதியலாம், உண்மை. ஆனால் வருடா வருடம் அறிக்கை, செயலாளருக்குக் காசு என்று இழுக்கும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்தால் இப்போதைக்குக் காணும். சாப்பாட்டுச் சாமான் என்பதால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை இடம் பார்க்க நீங்களே முதலில் கூப்பிடுங்கள். பிறகு அவர் வந்து மேசையை மாற்று, தண்ணீர்க் குழாயை மாற்று என்றால் செலவு இரட்டிப்பு. தலை, குடல், செதிள் போனால் கால் பங்குக்கு மேல் கழிவு. அதனால் வாங்கின விலையை வைத்து லாபம் பார்க்காமல், வெட்டின பிறகு மிஞ்சுகிற நிறையை வைத்துப் பாருங்கள். ஐஸ், பெற்றோல், உங்கள் சொந்தக் கூலி மூன்றையும் செலவில் எழுதுங்கள். 2022இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று பங்கிட்டபோது என்ன பாடுபட்டோம்! ஒரே பாதையில் இருக்கிற வீடுகளாகப் பிடியுங்கள். பிரீசர் வாங்க அவசரமே இல்லை, இரவல் ஐஸ் பெட்டியோடு தொடங்கலாம். அப்புறம், காசு முதலில், மீன் பிறகு. நிலாவெளித் தம்பிக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

துறையடி நானா
தயிர்த் தம்பி சொல்வது சரி, ஆனால் பதிவும் கணக்கும் மட்டும் ஆளைக் காப்பாற்றாது. எங்கள் வாப்பாவுக்குக் கிண்ணியாத் துறையடியில் தேநீர்க் கடை. 2009இல் பாலம் திறந்த பிறகு, தினமும் வருகிற ஒருவர் பஸ்ஸிலிருந்து கை காட்டிவிட்டுப் போனார். வாப்பாவும் கை காட்டினார். பக்கத்தில் நின்ற எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது: அக்கரைக்கு ஏற்றிப்போகிற பாதைப் படகு வரும்வரை சும்மா நிற்கவேண்டி இருந்ததால்தான் ஆட்கள் தேநீர் குடித்தார்கள். தேநீரில் ஒரு குறையும் இல்லை.

தங்கச்சியிடம் வாங்குகிறவர்களுக்குத் தேவை மீனா, வெட்டுகிற நேரமா? நேரம் என்றால் மார்கழியிலும் அவர்களுக்கு நேரம் இல்லைதானே. மரக்கறி வெட்டுங்கள், தேங்காய் துருவுங்கள். சம்மாட்டி கேட்டது மீனைப் பற்றி மட்டும்.

உப்புவெளிப் பிள்ளை
நானா, நீங்கள் சொன்ன பிறகு யோசிக்கிறேன். கணவாயும் நண்டும் துப்புரவாக்கித் தரச் சொல்லித்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், பாரை மீனைத் தாங்களே வெட்டிக்கொள்கிறார்கள். வாழைப்பூ, கீரை, பலாக்கொட்டை என்று இந்தக் கிழமை நாலு வீட்டில் கேட்டுப் பார்க்கப் போகிறேன், காசு முதலில் வாங்கித்தான். தயிர் அண்ணா, வெட்டின மரக்கறிக்கும் பரிசோதகரிடம் தனியாகக் காட்டவேண்டுமா, மீன் வெட்டுகிற அதே மேசை காணுமா?