பென் ஜான்சனை நிற்க வைத்தா புதைத்தார்கள்?

கேள்வி:
அடுத்த மாதம் லண்டன் போகிறேன். வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் ஷேக்ஸ்பியர் காலத்து நாடகாசிரியர் பென் ஜான்சனின் கல்லறையைப் பார்த்தே ஆக வேண்டும், அவருடைய 'வோல்போனி' நாடகம் படித்த நாளிலிருந்து அப்படி ஒரு பிரியம். அவர் அங்கே எழுத்தாளர்களுக்கான 'கவிஞர் மூலை'யில் இருக்கிறார் என்கிறார் ஒருவர், இல்லை வேறு இடத்தில் நின்றபடி புதைத்திருக்கிறார்கள் என்கிறார் இன்னொருவர். காசில்லாததால் அப்படிச் செய்தார்களாம். ஒரு நடிகரைக் கொன்றார் என்றும் படித்தேன். இதில் எது உண்மை?

பதில் 1:
நின்றபடிதான், அதில் சந்தேகமே வேண்டாம். 1849-இல் பக்கத்தில் வேறொருவருக்குக் குழி தோண்டியபோது கால் எலும்புகள் இரண்டும் மணலில் செங்குத்தாக நின்றதை அபேயின் கட்டுமானப் பொறுப்பாளர் நேரில் பார்த்திருக்கிறார், மேலிருந்து மண்டையோடும் உருண்டு வந்து விழுந்தது, அதில் கொஞ்சம் செம்பட்டை முடி ஒட்டியிருந்ததாம். ஆனால் கவிஞர் மூலையில் தேடாதீர்கள். அங்கே இருப்பது 1720-களில் வைத்த நினைவுச் சின்னம் மட்டும்தான். கல்லறை நடுக்கூடத்தின் வடக்குப் பக்கத்து நடைபாதையில். பழைய கல்லை எடுத்துச் சுவரோடு நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

வறுமை விஷயம்: 1637-இல் சாகும்போது பக்கவாதத்தில் பல வருடம் படுத்துக் கிடந்தவர், கையில் பணம் தங்கவில்லை, அது நிஜம். எனக்கு ஆறடி நீளம் எதற்கு, இரண்டடிக்கு இரண்டடி போதும் என்று அபேயின் தலைமைக் குருவிடம் அவரே கேட்டு வாங்கினார் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் கதை. அரசரிடம் கேட்டார் என்று இன்னொரு கதையும் உண்டு. கதை என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் யாரும் கவனிக்காமல் போன சாவு இல்லை அது, ஊரில் இருந்த பிரபுக்கள் எல்லாம் இறுதி ஊர்வலத்துக்கு வந்தார்கள்.

பதில் 2:
கொலையும் உண்மைதான். 1598 செப்டம்பரில் கேப்ரியல் ஸ்பென்சர் என்ற நடிகரோடு வாள்சண்டை, அதில் ஸ்பென்சர் இறந்துபோனார். தூக்குதான் கிடைத்திருக்கும். லத்தீன் வாசிக்கத் தெரிந்தவனுக்குப் பாதிரியாருக்குரிய சலுகை உண்டு என்று அன்றைய சட்டத்தில் ஒரு வழி இருந்ததால் தப்பினார், கட்டைவிரலில் சூடு போட்டு, உடைமைகளைப் பறிமுதல் செய்து விட்டுவிட்டார்கள். ஜான்சனின் மாற்றாந்தகப்பன் செங்கல் கட்டும் கொத்தனார், இவரும் கொஞ்ச நாள் அந்த வேலை செய்தவர். வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் வில்லியம் கேம்டன் சொல்லிக்கொடுத்த லத்தீன்தான் கழுத்தைக் காப்பாற்றியது, இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

பதில் 3:
கல்லறைக் கல்லில் இருக்கும் 'ஓ ரேர் பென் ஜான்சன்', அதாவது 'அரிய பென் ஜான்சனே', உண்மையில் 'ஒராரே' என்ற லத்தீன் சொல், 'பென் ஜான்சனுக்காக வேண்டுங்கள்' என்று பொருள் என்கிறார்களே? அந்தக் கொலைக்காகச் சிறையில் இருந்தபோது அவர் கத்தோலிக்கராக மாறினார் அல்லவா, இறந்தவருக்காக வேண்டுவது கத்தோலிக்க வழக்கம்தானே.

பதில் 1:
மாறினார், சுமார் பன்னிரண்டு வருடம் கழித்துத் திரும்பவும் இங்கிலாந்துத் திருச்சபைக்கே வந்துவிட்டார். கல்லில் 'ஓ'வுக்கும் 'ரேர்'க்கும் நடுவே இடைவெளி தெளிவாகத் தெரிகிறது, அந்த வாதம் நிற்காது. ஜாக் யங் என்பவர் அந்த வழியாகப் போனபோது குழியை மூடிக்கொண்டிருந்தார்களாம், வேலையாளிடம் 18 பென்ஸ் கொடுத்து இந்த வாசகத்தை வெட்டச் சொன்னார் என்று அந்த நூற்றாண்டின் வாழ்க்கை வரலாற்றாளர் ஜான் ஆப்ரி எழுதி வைத்திருக்கிறார். பெயரை 'எச்' சேர்த்து வெட்டியிருப்பார்கள், நம்மவர் அந்த 'எச்' இல்லாமல்தான் எழுதுவார். பார்த்ததும் வேறு ஆளோ என்று குழம்ப வேண்டாம்.

பதில் 4:
போவதற்கு முன்னால் அவர் மகனுக்கு எழுதிய இரங்கல் கவிதையை ஒரு முறை படித்துவிடுங்கள். 1603-இல் லண்டனில் பிளேக், பையனுக்கு ஏழு வயது, அவன் பெயரும் பெஞ்சமின். பென் ஜான்சன் படைத்ததிலேயே மிகச் சிறந்த கவிதை இங்கே கிடக்கிறது என்று மகனையே தன் கவிதை என்கிறார். பன்னிரண்டே வரி. நாடகங்களில் எல்லோரையும் போட்டு வறுத்தெடுக்கிற மனுஷனா இது என்று இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
இப்போதுதான் படித்தேன். இனி எவர்மீது அன்பு வைத்தாலும் அளவுக்கு மீறி வைக்கக் கூடாது என்று முடிக்கிறார், அந்த இடத்தில் என்னால் தாங்க முடியவில்லை. எல்லோருக்கும் நன்றி, முதலில் வடக்கு நடைபாதைக்குத்தான் போவேன்.