"எறும்புக்க ஆசிட்டா டீச்சரே?"

பி.எட். இரண்டாம் ஆண்டில் கற்பித்தல் பயிற்சிக்கு எனக்குக் கிடைத்தது குலசேகரம் பக்கம் ஒரு பள்ளி. நாகர்கோவிலிலிருந்து தக்கலை வழியாக பஸ். இறங்கி ஓடினால்தான் முதல் பீரியட். ஒன்பதாம் வகுப்பு, அறிவியல்.

கல்லூரியில் நுண்நிலைக் கற்பித்தல் பழகும்போது எதிரே உட்கார்ந்திருப்பது நம் தோழிகள்தான். தொடங்குதல் திறன், வலுவூட்டல் திறன் என்று ஐந்தாறு நிமிடம் பேசிவிட்டு இறங்கிவிடலாம். கேள்வி கேட்டால் கட்டாயம் பதில் வரும். நாளை அவர்கள் கேட்கும்போது நாம் சொல்ல வேண்டுமே! நிஜ வகுப்பில் அந்தக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. வழிகாட்டி ஆசிரியை பின்னால் உட்கார்ந்திருக்கும்வரை மூச்சு விடமாட்டார்கள். அவர் ஆபீஸ் ரூம் பக்கம் நகர்ந்தால் போதும், சந்தைக்கடைதான்.

அவர் எனக்குச் சொன்ன யோசனை ஒன்றே ஒன்று. "முதல்ல பிள்ளைகளுக்க பேரைப் படி மக்களே, பாடம் பிறகு நடத்தலாம்." வருகைப் பதிவேட்டை வைத்து பெஞ்ச் வாரியாகப் பேர் எழுதி மனப்பாடம் செய்தேன். பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்ததும் சத்தம் பாதி அடங்கியது. மீதிப் பாதி கடைசிவரை அடங்கவில்லை, அதை விடுங்கள்.

அப்புறம் அமிலங்கள், காரங்கள் பாடம் வந்தது. பாடக்குறிப்பில் எலுமிச்சை, புளி, தயிர் என்று எழுதிக்கொண்டு லிட்மஸ் தாளோடு போனேன். நீலம் சிவப்பானதை எட்டிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். எறும்பு கடித்தால் எரிவதற்குக் காரணம் ஃபார்மிக் அமிலம் என்று போகிற போக்கில் சொன்னேன். ஜன்னலோரம் பாதித் தூக்கத்தில் இருந்த பையன் சட்டென்று நிமிர்ந்தான்.

"டீச்சரே, எனக்க அப்பா ரப்பர் பாலுல ஊத்துறதும் ஃபார்மிக் ஆசிட்தான், கேன்ல எழுதியிருக்கும். அது எறும்புக்க ஆசிட்டா?"

அதே அமிலம்தான் என்றேன். பிறகு வகுப்பை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். பால்வெட்டு வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர். விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும் என்றான் ஒருவன். சிரட்டையில் சேர்ந்ததை வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, டிரேயில் ஊற்றி, ஆசிட்டையும் தண்ணீரில் கலந்து விட்டு, மேலே வரும் நுரையை வழித்தெடுக்க வேண்டும். மறுநாள் கட்டியானதை உருளையில் கொடுத்து ஷீட் அடிக்க வேண்டும். ஆளுக்கொரு வரியாகச் சொன்னார்கள். "பாலாவே விக்கணும்னா அமோனியா ஊத்துவாவ, உறையாது" என்றாள் ஒருத்தி. காரமும் வந்துவிட்டது! பாலில் உள்ள ரப்பர் துகள்களுக்கு எதிர்மின் சுமை உண்டு, அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன, அமிலம் விழுந்தால் அந்தச் சுமை போய் ஒட்டிக்கொள்கின்றன என்று நான் சேர்த்தது அவ்வளவுதான். பாடக்குறிப்பில் இருந்த தயிரை யாரும் தேடவில்லை.

குளச்சல் பக்கம் போன என் தோழிக்குச் சமூக அறிவியல். மீன்பிடித் தடைக்காலம் எப்போது என்று கேட்டிருக்கிறாள். ஜூன், ஜூலை என்று வகுப்பே கத்த, மாமா வீடு சின்னமுட்டத்தில் இருக்கும் ஒருவன் மட்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்று சண்டைக்கு வந்துவிட்டான். இரண்டும் சரி. விசைப்படகுகளுக்கு மேற்குக் கடலில் ஒரு தடைக்காலம், கிழக்கே ஒன்று. குளச்சல் மேற்கே, சின்னமுட்டம் கிழக்கே. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டும் உண்டு. அவளுக்கு அன்றைய வரைபடப் பாடம் அதிலேயே முடிந்துவிட்டதாம்.

மலையோரப் பள்ளி கிடைத்தவர்கள் இந்த அமிலப் பாடம் எடுப்பதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். வீட்டிலிருந்து ஆசிட் கொண்டு வருகிறோம் என்பார்கள், கண்டிப்பாக வேண்டாம். தண்ணீர் கலக்காதது தோலில் பட்டால் வெந்துவிடும். காலையில் வெட்டிய பால் கொஞ்சம் வந்தால் போதும், வினிகருக்கே உறையும். முதல் பீரியடாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள், நேரமானால் பால் தானாகவே கட்டிவிடும்.