கீபோர்டில் சேர்த்து வைத்த பாட்டுகளைக் காப்பாற்றிய அனுபவங்கள்

குருநகரிலிருந்து:

எங்கள் கோயில் பாடகர் குழாமுக்கு நான்தான் கீபோர்ட் வாசிக்கிறேன். கருவி யமஹா பிஎஸ்ஆர்-எஸ் வரிசையைச் சேர்ந்தது. எந்தப் பாட்டுக்கு எந்த ஒலி, என்ன ஸ்டைல் (பின்னணித் தாளம்), எவ்வளவு வேகம், எந்தச் சுருதி என்று எல்லாவற்றையும் ரெஜிஸ்ட்ரேஷனில் போட்டு வைத்திருப்பேன். நவநாள் நேரத்தில் பாதர் திடீரென்று பாட்டை மாற்றச் சொன்னாலும் ஒரு பொத்தானோடு வேலை முடிந்துவிடும். அந்த ஒழுங்கைச் செய்து முடிக்க எத்தனையோ இரவுகள் போயிருக்கின்றன. அதனால்தான் இதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

லண்டனில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் அதே மொடலில் இன்னொரு கீபோர்ட் அனுப்பினார்கள். பழையதில் இருப்பதைப் புதியதற்கு மாற்ற வேண்டும். பென்டிரைவில் கொப்பி பண்ணினால் சரிதானே என்று எல்லோரும் சொன்னார்கள். உதவிக்கு வந்த தம்பி பென்டிரைவை ஒழுங்குபடுத்தி, ஃபோல்டர்களுக்கெல்லாம் வடிவான பெயர்களும் வைத்துத் தந்தார். அன்று பின்னேரம் பயிற்சியில் முதலாவது பாட்டுக்குப் பொத்தானை அழுத்தினால் ஒலி மாறுகிறது, தாளம் மாறவில்லை. கோப்பைக் காணவில்லை என்று திரை சொல்கிறது.

காரணம் இதுதான். ஆர்ஜிடி (RGT) என்று முடியும் ரெஜிஸ்ட்ரேஷன் கோப்புக்குள் ஸ்டைல் கிடையாது. நாமே ஏற்றிய ஸ்டைல் எந்த இடத்தில், எந்த ஃபோல்டரில், என்ன பெயரில் இருக்கிறது என்ற விலாசம் மட்டும்தான் அதற்குள் இருக்கும். ஃபோல்டரின் பெயர் மாறினால் விலாசமும் பிழையாகிவிடும். பழைய பெயர்களைத் திரும்பவும் அப்படியே வைத்தோம், எல்லாம் வேலை செய்தது. ஆகவே இடம் மாற்றுபவர்கள் ஃபோல்டர் அமைப்பை இம்மியும் அசைக்காமல் அப்படியே கொண்டுபோங்கள். பென்டிரைவை அழகுபடுத்தும் ஆசையே வேண்டாம்.

முழு பேக்கப் என்று பியுபி (BUP) கோப்பு ஒன்றும் எடுக்கலாம். அதை அதே மொடலுக்குள் மட்டும்தான் திரும்ப ஏற்ற முடியும். ஏற்றும்போது அந்தக் கருவியில் ஏற்கனவே இருப்பது அழிந்துவிடும். புதுக் கருவியில் யாராவது ஏதாவது பதிந்திருந்தால் முதலில் அதை வெளியே எடுத்து வையுங்கள்.

பென்டிரைவை கொம்பியூட்டரில் ஃபோமட் பண்ணாமல் கீபோர்டிலேயே பண்ணுவது நல்லது. கோப்புப் பெயர்களை ஆங்கில எழுத்திலும் இலக்கத்திலும் வையுங்கள், தமிழ் எழுத்தை அந்தத் திரை காட்டாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தது நினைவிருக்கும். சேமித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பென்டிரைவில் உள்ளதே பழுதாகிவிடலாம். அதனால் இன்றைக்கும் யூபிஎஸ்ஸில் கொழுவிவிட்டுத்தான் நான் பேக்கப் எடுப்பேன்.

கோண்டாவிலிலிருந்து:

நீங்கள் பென்டிரைவ் காலத்து ஆள், தம்பி. எங்கள் இசைக்குழுவின் பாட்டுகள் எல்லாம் புளொப்பி என்ற பழைய சதுர டிஸ்க்குகளில் இருந்தன. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு கொழும்பிலிருந்து வந்த கருவி அது. 2006 ஓகஸ்ட்டில் பாதை பூட்டியதும் புது டிஸ்க் கைக்குக் கிடைப்பதே பெரும்பாடு. இருந்தவற்றையே அழித்து அழித்துப் பாவித்தோம். கோயில் திருவிழாக்களில் வாசித்த பின்னணிகள், பாடகர் ஒவ்வொருவரின் சுருதிக்கும் தனித்தனியாகப் பதிந்தவை, எல்லாம் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் இருந்தன. அந்தப் பாடகர்களில் சிலர் இன்று உயிரோடு இல்லை.

ரின்னைத் திறந்தால் டிஸ்க்குகளில் பூஞ்சணம். தகட்டு மூடியை விரலால் ஒதுக்கிப் பாருங்கள், கறுத்தப் படலத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் ட்ரைவுக்குள் போடவே கூடாது. வாசிக்கும் தலையில் அழுக்கு ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல டிஸ்க்கையும் அது கீறிவிடும். ஐசோபுரோப்பைல் அல்கஹோலில் பஞ்சுக்குச்சியைத் தோய்த்து, நடுவில் உள்ள உலோக வட்டத்தை மெல்லச் சுற்றிச் சுற்றி இரண்டு பக்கமும் துடைத்தேன். நன்றாகக் காயவிட்ட பிறகுதான் யூஎஸ்பி புளொப்பி ட்ரைவில் போட்டேன்.

அதிலும் ஒரு சிக்கல். சில டிஸ்க்குகளை ‘ஃபோமட் செய்யப்படவில்லை’ என்று கொம்பியூட்டர் சொன்னது. ஃபோமட் பண்ணவா என்றும் கேட்டது. தயவுசெய்து யாரும் ‘ஆம்’ கொடுத்துவிடாதீர்கள். 720 கேபி டிஸ்க் கிடைக்காத நாட்களில் 1.44 எம்பி டிஸ்க்கைத்தான் 720 ஆக ஃபோமட் பண்ணிப் பாவித்திருந்தோம். 1.44 டிஸ்க்கின் ஒரு மூலையில், பதிவதைத் தடுக்கும் துளைக்கு எதிர்ப்பக்கம், மேலதிகமாக ஒரு துளை இருக்கும். ட்ரைவ் அந்தத் துளையைப் பார்த்துத்தான் டிஸ்க்கின் வகையை முடிவு செய்கிறது. துளையைச் செலோடேப்பால் மூடிவிட்டுப் போட்டேன், உள்ளே இருந்த மிடி கோப்புகள், அதாவது வாசிப்பின் குறிப்புகள், வரிசையாக வந்து நின்றன. அன்று எனக்கு இருந்த சந்தோசத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

கீபோர்டின் புளொப்பி ட்ரைவே பழுதானவர்கள் அதைக் கழற்றிவிட்டு கோடெக் (Gotek) என்ற யூஎஸ்பி ட்ரைவைப் பொருத்தலாம். பென்டிரைவுக்குள் இலக்கமிட்ட பல புளொப்பிகள் இருப்பதாக அது கீபோர்டுக்குக் காட்டும். வாங்க முதல் பின்பக்கத்து வயரைப் பாருங்கள். வழக்கமாக 34 முனை இருக்கும், சில கருவிகளில் 26 முனைத் தட்டை வயர். அதற்கு இணைக்க அடாப்டர் ஒன்றும் தேவைப்படும்.

மருதனார்மடத்திலிருந்து:

அண்ணை எழுதியதை வாசிக்கக் கண் கலங்கிவிட்டது. நான் பிள்ளைகளுக்கு கீபோர்ட் படிப்பிக்கிறேன். அநேகமான வீடுகளில் சிறிய பிஎஸ்ஆர்-இ அல்லது பிஎஸ்ஆர்-ஐ வகைதான். இவற்றில் பிள்ளை பதியும் பாட்டு கருவிக்குள் மட்டும்தான் இருக்கும். பென்டிரைவ் போடும் வசதியுள்ளதில் மிடி கோப்பாகச் சேமித்து வெளியே எடுக்கலாம். என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளையின் கருவி ஏதோ குழப்பம் செய்ய, வீட்டுக்கு வந்த மச்சான் கடைசி வெள்ளைக் கட்டையை அழுத்திக்கொண்டு சுவிட்சைப் போட்டிருக்கிறார். குழப்பம் தீர்ந்தது, பிள்ளை பதிந்த பாட்டுகளும் போய்விட்டன. அந்தக் கட்டை நினைவகத்தைத் துடைப்பதற்கானது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

எனக்கு ஒரு கேள்வி. தபேலா ஒலியில் பதிந்த மிடியை லப்டொப்பில் போட்டால் ஏதோ மேற்கத்திய ட்ரம்ஸ் சத்தம் வருகிறது. கோப்பு பழுதா?

குருநகரிலிருந்து:

பழுதில்லை, அக்கா. மிடிக்குள் ஒலி இல்லை. எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு அழுத்தி வாசித்தீர்கள், எந்த இலக்க ஒலியில் வாசித்தீர்கள் என்ற குறிப்பு மட்டும்தான். அந்த இலக்கத்தில் லப்டொப்பிடம் தபேலா இல்லை, தன்னிடம் உள்ள ட்ரம்ஸை அடிக்கிறது. ஒரு முழுப் பாட்டின் மிடி சில பத்து கேபிக்குள் அடங்குவதும் இதனால்தான். சிடி தரத்து ஒலிப்பதிவென்றால் நிமிடத்துக்கே ஏறத்தாழ 10 எம்பி வேண்டும்.

உங்கள் கருவியின் ஒலியே வேண்டுமென்றால் ஹெட்போன் துளையிலிருந்து வயர் எடுத்து லப்டொப்பின் லைன்-இன் துளைக்குக் கொடுத்து, கீபோர்டில் பாட்டை ஓடவிட்டுப் பதியுங்கள். கீபோர்டின் சத்தத்தை முதலில் குறைத்து வைத்து, மெல்ல மெல்லக் கூட்டுங்கள். இரைச்சல் கேட்டால் லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பற்றரியில் ஓடவிட்டுப் பாருங்கள். எங்களுக்கு அதோடு நின்றுவிட்டது. மிடியையும் அழிக்காதீர்கள், பாடுபவரின் சுருதிக்கு மாற்ற அதுதான் வேண்டும்.