கடைகள் போட்டி போட்டால் பழைய கேம்கள் பிழைக்குமா?

பிக்சல்பூனை:
“எல்லா கணினி கேமும் ஸ்டீம் என்ற ஒரே இணையக் கடையிலேயே இருந்தால் நிம்மதி” என்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. விற்பனையில் ஸ்டீம் வழக்கமாக எடுக்கும் கமிஷன் 30 சதவீதம். 2018 டிசம்பரில் எபிக் என்ற கேம் கம்பெனி தன் கடையோடு வந்து 12 போதும் என்றது. பழைய கேம்களுக்கென்றே 2008-ல் ஜிஓஜி கடை விரித்தது. போட்டி இருந்தால்தான் பழையதைத் தூசி தட்ட ஆள் வருவார்கள்.

சேவ்ஃபைல்:
கமிஷன் வேறு, பாதுகாப்பு வேறு ப்ரோ. அதே எபிக் 2022 டிசம்பரில் தன் பழைய அன்ரியல் கேம்களைக் கடைகளிலிருந்து எடுப்பதாக அறிவித்தது. கேம் உருவாக்கும் தங்கள் மென்பொருளான அன்ரியல் இன்ஜினுக்கே பெயர் கொடுத்த 1998 கேமும் அதில் போனது! பிறகு இணைய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கச் செய்ய ரசிகர்கள்தான் அனுமதி வாங்கினார்கள்.

பிக்சல்பூனை:
அது எபிக்கின் குணம். சிஸ்டம் ஷாக் 2-ஐப் பாருங்கள். 1999-ல் வந்த கேம், உரிமை போய் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் உட்கார்ந்திருந்தது. பழைய கேம்களை மீட்டு வெளியிடும் நைட்டைவ் நிறுவனம் தேடிப் பிடித்துப் பேசி 2013-ல் ஜிஓஜிக்குக் கொண்டுவந்தது. விற்க இடம் இருந்ததால்தானே அந்த அலைச்சல்?

சேவ்ஃபைல்:
அதே நைட்டைவ் ‘நோ ஒன் லிவ்ஸ் ஃபார்எவர்’ கேமுக்கும் அலைந்தது. உரிமை யாரிடம் என்பதே தெளிவாகவில்லை, கைவிட வேண்டியதாயிற்று. பத்துக் கடை இருந்தாலும் விற்பதற்குக் கையெழுத்துப் போட ஆள் வேண்டாமா? அமெரிக்காவில் 2010-க்கு முன் வந்த கேம்களில் 87 சதவீதம் இப்போது விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் சொன்னது. கன்சோலையும் சேர்த்த கணக்கு அது, ஆனாலும்.

அலமாரி:
குறுக்கே வருகிறேன். என்னிடம் ஒரு பழைய டிஸ்க் இருக்கிறது, ஒரு கீறல் கிடையாது. அதில் இருக்கும் திருட்டுத் தடுப்புப் பூட்டின் டிரைவரைப் புதிய கணினி ஏற்கவில்லை. டிஸ்க் சுற்றும் சத்தம் கேட்கும், திரையில் ஒன்றும் வராது. அதே கேமை ஜிஓஜியில் வாங்கி, இன்ஸ்டாலரை வெளி ஹார்ட் டிஸ்கில் போட்டு, நெட்டை அணைத்துவிட்டு நிறுவினேன். ஓடியது.

சேவ்ஃபைல்:
சரி, அப்படியானால் காப்பாற்றியது பூட்டில்லாத அந்தக் கோப்புதான். 2014-ல் வந்த ‘தி க்ரூ’ கேம் சர்வரோடு இணைந்தால்தான் ஓடும், அதற்கு அப்படி ஒரு கோப்பு கிடையாது. 2024 மார்ச் 31 அன்று அதை வெளியிட்ட யுபிசாஃப்ட் சர்வரை நிறுத்தியது, தனியாகக்கூட ஓட்ட முடியவில்லை.

பிக்சல்பூனை:
சர்வர் கேமில் நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பூட்டில்லாத கோப்பை ஜிஓஜி ஏன் தந்தது? ஸ்டீமோடு விலையில் மோதிப் பயனில்லை, வேறு ஏதாவது கொடுத்தாக வேண்டும். அதைத்தான் போட்டி என்கிறேன்.

சேவ்ஃபைல்:
நாளைக்கு அந்தக் கடையே மூடினால்?

அலமாரி:
மூடினால் மூடட்டும், கோப்பு என்னிடம் இருக்கிறதே.

சேவ்ஃபைல்:
அந்த ஹார்ட் டிஸ்குக்கு இன்னொரு நகல் இருக்கிறதா?

அலமாரி:
...இன்றைக்கே எடுக்கிறேன்.