வாய்ஸ் ஸ்கிராம்ப்ளர் ப்ராஜெக்ட்: ரிசீவர்ல விசில் சத்தம், குரலும் சரியா வரல

மின்மினி:
எல்லாருக்கும் வணக்கம். ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு ஃப்ரீக்வென்சி இன்வர்ஷன் ஸ்கிராம்ப்ளர் (குரலோட தாழ்ந்த சுருதியை உயரமாவும் உயர்ந்ததைத் தாழ்வாவும் தலைகீழாக்கி, கேக்குறவங்களுக்குப் புரியாம பண்ற சர்க்யூட்) பண்றேன், ரெண்டு சிக்னலைப் பெருக்குற மிக்சரா எம்சி1496 ஐசி, குரலோட பெருக்க 3300 ஹெர்ட்ஸ் கேரியர் (நிலையான அலை), அனுப்புற பக்கம் ஒரு போர்டு வாங்குற பக்கம் அதே மாதிரி இன்னொரு போர்டு. நடுவுல கேட்டா நல்லா குழம்பித்தான் வருது, ஆனா ரிசீவர்ல திருப்பி எடுத்தா பேச்சு மூக்கால பேசுற மாதிரி இருக்கு, பின்னாடி விடாம ஒரு விசில் வேற. அடுத்த வாரம் ரிவ்யூ. இன்னொன்னு, இது பாதுகாப்பான முறைன்னு ரிப்போர்ட்ல எழுதலாமா?

ஈயப்பற்று:
தம்பி, மைக்குக்கு அடுத்து லோ பாஸ் ஃபில்டர் (ஒரு அளவுக்கு மேல உள்ள ஃப்ரீக்வென்சியைத் தடுக்கிறது) போட்டியா? 300ல இருந்து 3000 வரைக்கும் உள்ள குரலை 3300ஓட பெருக்கி, வர்றதுல வித்தியாச ஃப்ரீக்வென்சியை மட்டும் எடுத்தா 300 போய் 3000 ஆகும், 1000 போய் 2300 ஆகும், அது சரி. ஆனா மைக்ல 4000 ஹெர்ட்ஸ்ல 'ஸ்' சத்தம் வந்தா அதுவும் 700ல வந்து உக்காந்துக்கும், அப்புறம் அதைப் பிரிச்சு எடுக்கவே முடியாது. அதனால மிக்சருக்கு முன்னாடியும் ஃபில்டர் வேணும், பின்னாடியும் வேணும், ஒரு ரெசிஸ்டர் ஒரு கெபாசிட்டர் வச்சு ஒப்பேத்தாதே.

விசில் உன் ரிசீவரோட கேரியரே கசியுறதுதான். இன்புட்டை ஷார்ட் பண்ணிட்டு பேலன்ஸ் பாட்டை (மிக்சர்ல கேரியர் கசிவைச் சரிபண்ற குமிழ்) மெதுவா திருப்பு, ஒரு இடத்துல சத்தம் அடங்கும். குரல் மாறுறதுக்கு கேரியரை உண்டாக்குற ரெண்டு போர்டு ஆசிலேட்டரும் ஒத்துப்போகாததுதான் காரணமா இருக்கும், 50 ஹெர்ட்ஸ் வித்தியாசம் இருந்தாலே குரல் முழுக்க 50 ஹெர்ட்ஸ் நகர்ந்துடும். சூட்டுக்கு ஆசிலேட்டர் நகர்ந்துக்கிட்டே இருக்கும், அதனால நிலையா அதிர்ற குவார்ட்ஸ் கிரிஸ்டலோட ஃப்ரீக்வென்சியை வகுத்து கேரியரை எடு.

பழையஅலை:
பாதுகாப்புன்னு மட்டும் எழுதிடாதீங்க, தயவுசெஞ்சு. இதுல ரகசியம்னு இருக்கிறது அந்த 3300ங்கிற ஒரே நம்பர்தான், ஒட்டுக்கேக்குறவன் இதே மாதிரி ஒரு போர்டு வச்சு குமிழைத் திருப்பினா கிடைச்சிடும்.

இதைவிடப் பெருசா பண்ணியே மாட்டிக்கிட்டாங்க. ரெண்டாம் உலகப்போர்ல ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் பேசின ரேடியோ லைன்ல அமெரிக்க தொலைபேசி ஆய்வுக்கூடமான பெல் லேப்ஸோட ஏ-3ங்கிற ஸ்கிராம்ப்ளர் கருவி இருந்துச்சு. குரலை 5 பட்டையா வெட்டி, தலைகீழாக்கி, இடம் மாத்தி அனுப்பும், 20 விநாடிக்கு ஒருதரம் வரிசையும் மாறும். கணக்குப்படி 120 வரிசை, ஒவ்வொண்ணுலயும் 32 விதமா தலைகீழாக்கலாம், மொத்தம் 3840. ஆனா அதுல நிறைய வரிசைகள்ல பேச்சு பாதி புரிஞ்சிடும், அதனால உருப்படியா பயன்பட்டது ரொம்பக் கொஞ்சம். ஜெர்மன் தபால் துறை நெதர்லாந்து கடற்கரையில ஸ்டேஷன் போட்டு 1942ல இந்த லைனைக் கேட்டுக்கிட்டு இருந்துச்சு.

மின்மினி:
அண்ணா, அப்போ அவங்க அடுத்து என்ன பண்ணாங்க?

பழையஅலை:
சிக்சாலின்னு ஒரு புது ரகசியப் பேச்சுக் கருவி. 1943 ஜூலை 15ல பென்டகனுக்கும் லண்டனுக்கும் நடுவுல ஓட ஆரம்பிச்சது. குரல் அலையை அனுப்பவே இல்ல, வோகோடர்ங்கிற குரலை அலசுற கருவி வச்சு குரலோட அளவுகளை விநாடிக்கு 50 தடவை எடுத்து நம்பராக்கி, அதுகூட ரேண்டம் இரைச்சல் நம்பரைக் கூட்டி அனுப்பினாங்க. இரைச்சல் கிராமபோன் தட்டுல இருக்கும், ரெண்டு பக்கமும் ஒரே தட்டு, ஒரே நேரத்துல சுத்தணும், ஒருதரம் பேசினதும் அழிச்சிடுவாங்க. மொத்த எடை 50 டன்னுக்கு மேல! எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் புல்லரிக்கும், ஏன்னா இன்னைக்கு போன்ல குரலை நம்பராக்கி ரகசிய எண் சாவியோட கலக்குறதும் இதே யோசனைதான். ரிப்போர்ட்ல ஏ-3, சிக்சாலி ரெண்டையும் பக்கத்துல வச்சு எழுதுங்க.

மின்மினி:
பேலன்ஸ் பாட் திருப்பினதும் விசில் அடங்கிடுச்சு ஈயப்பற்று அண்ணா, ரொம்ப நன்றி! ரெண்டு போர்டுக்கும் ஒரே கேரியரை ஒயர்ல குடுத்துப் பார்த்தேன், குரல் அப்படியே எங்க குரலாவே வருது, அப்போ ஆசிலேட்டர்தான் பிரச்சனை. நாளைக்கு கிரிஸ்டல் வாங்கப் போறேன். பாதுகாப்புங்கிற வரியை எடுத்துட்டேன், ஏ-3 கதையைச் சேர்க்கிறேன்.