பையனுக்கு இளைப்பு: பூனையை விடுவதா, பீடியை நிறுத்துவதா?

முக்கூடல் மருமகள்: என் பையனுக்கு எட்டு வயது. ஆடிக் காற்று ஆரம்பித்ததிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு மேல் இருமல், நெஞ்சில் விசில் சத்தம். டாக்டர் ஆஸ்துமா என்று சொல்லி தினமும் இழுக்க ஒரு இன்ஹேலரும், இளைப்பு வந்தால் இழுக்க ஒன்றும் கொடுத்திருக்கிறார். பூனை முடிதான் காரணம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடு என்கிறார்கள் மாமா. அவர்கள் தார்சாவில் உட்கார்ந்து நாளுக்கு ஒரு கட்டு பீடி குடிக்கிறார்கள். எதை முதலில் நிறுத்துவது?

பேட்டைக்காரன்: மாமா சொல்வது சரிதாம்மா. நானும் நாற்பது வருஷமாகப் பீடி குடிக்கிறேன், என் பிள்ளைகள் மூன்று பேருக்கும் ஒன்றும் வரவில்லை. நம்ம பக்கம் எத்தனை வீட்டில் பெண்கள் பீடி சுற்றித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்! திண்ணையில் குடிக்கிற புகை காற்றோடு போய்விடும், பூனை அப்படியா, பாயில் கூடவே படுக்கும். அப்புறம் அந்த இன்ஹேலரைப் பழக்கிவிடாதீர்கள், காலத்துக்கும் விட முடியாது.

பாளை நர்ஸ்: அண்ணாச்சி, கோபப்படாதீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கு வரவில்லை என்றால் சந்தோஷம், இந்தப் பையனுக்கு வந்துவிட்டதே. அவன் மூச்சுக்குழாய் ஏற்கனவே வீங்கி இருக்கிறது, அதில் புகை பட்டால் இன்னும் சுருங்கும். தார்சாவில் குடித்தாலும் கதவு வழியாக உள்ளே வரத்தான் செய்யும். மாமாவின் தோள் துண்டை மோந்து பாருங்கள், அதே துண்டைத் தலைக்கு வைத்துத்தானே பேரன் மத்தியானம் தூங்குவான்?

இன்ஹேலர் அடிமையாக்கும் என்பது தப்பு. தினமும் இழுப்பது வீக்கத்தைக் குறைக்கிற மருந்து, கொஞ்ச அளவு நேரே நுரையீரலுக்குப் போகிறது. பையன் நன்றாக இருக்கிறான் என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், ஸ்பேசர் (இன்ஹேலர் முனையில் மாட்டுகிற குழாய்) வைத்துக் கொடுங்கள், இழுத்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். அவசர இன்ஹேலர் கொடுத்தும் பேச முடியாமல் திணறினால், மூச்சை இழுக்கும்போது விலா உள்வாங்கினால், விடியட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

தென்காசி சாரல்: பீடியைத் திட்டுகிற வேகத்தில் பூனையைக் காப்பாற்றிவிடாதீர்கள். என் மகளுக்குப் பூனைதான் எமன். பரிசோதனை செய்து பார்த்தோம், ஒத்துக்கொள்ளாதது முடி இல்லை, அதன் எச்சிலிலும் தோலிலும் இருக்கிற புரதம். அது நக்கி நக்கி முடியில் ஒட்டி, காய்ந்து, தூசியாகப் பறக்கிறது. பூனையை என் தங்கச்சி வீட்டில் விட்ட பிறகும் உடனே குறையவில்லை, மெத்தையிலும் திரையிலும் மாசக்கணக்கில் அந்தத் தூசி இருந்தது. எங்கள் வீட்டில் யாருமே பீடி குடிப்பதில்லை, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பாளை நர்ஸ்: உங்கள் மகளுக்குப் பூனை சேராது என்று தெரிந்து எடுத்தீர்கள், அது சரி. இந்தப் பையனுக்கு இன்னும் தெரியாது, டாக்டரிடம் அலர்ஜி பரிசோதனை கேளுங்கள். அதுவரை பூனை படுக்கிற அறைக்குள் வரக் கூடாது, போர்வையை வாரம் ஒரு தடவை வெந்நீரில் துவைக்க வேண்டும். ஆனால் புகைக்குப் பரிசோதனையே தேவையில்லை, எந்த ஆஸ்துமாப் பிள்ளைக்கும் ஆகாது. கொசுவர்த்தி, சாம்பிராணியும் அந்தக் கணக்குதான். வீட்டில் பீடி சுற்றினால் சுளகையும் தூளையும் பையன் படுக்கிற இடத்தில் வைக்காதீர்கள்.

பேட்டைக்காரன்: துண்டு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எழுபது வயது மனுஷனிடம் மருமகள் போய் பீடியை விடுங்கள் என்றால் நடக்குமா? மகன் சொல்ல வேண்டும். நானே எத்தனையோ தடவை விட்டுப் பார்த்து மூன்றாம் நாள் தலைவலி தாங்காமல் மறுபடி பற்ற வைத்தவன். சொல்வது லேசு.

பாளை நர்ஸ்: லேசு இல்லைதான் அண்ணாச்சி, அந்தத் தலைவலி நிகோடின் குறைகிறதால் வருகிறது, அதற்கு மருந்து இருக்கிறது. பீடிக் கட்டின் மேலேயே 1800-11-2356 என்று இலவச எண் போட்டிருப்பார்கள், கூப்பிட்டுப் பேசுங்கள். அதுவரை மாமா வீட்டை விட்டுத் தள்ளிப் போய்க் குடித்து, கை கழுவி சட்டை மாற்றிவிட்டுப் பேரனைத் தூக்கட்டும். அது போதும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

முக்கூடல் மருமகள்: இவர் ஞாயிற்றுக்கிழமை துபாயிலிருந்து கூப்பிடுவார், அவரை விட்டே பேசச் சொல்கிறேன். துண்டுகளை எல்லாம் ஊற வைத்துவிட்டேன். பூனை புறவாசலில் கிடந்து கத்துகிறது, பையன் ஜன்னலை விட்டு நகர மாட்டேன் என்கிறான்.